மூவண்ணக் கொடியின் நிறங்களுக்குப் பிள்ளைகளிடம் என்ன பொருள் சொல்வது?

தண்டையார்பேட்டை ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற குடியரசு நாளில் எங்கள் தெருமுனையில் கொடியேற்றினார்கள். ஏற்றி முடித்ததும் தெருப் பெரியவர் ஒருவர் பிள்ளைகளை அருகில் அழைத்து, காவி இந்துக்களையும் பச்சை முஸ்லிம்களையும் வெள்ளை கிறித்தவர்களையும் குறிக்கிறது என்று விளக்கினார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அவர் சொல்ல வந்தது. ஆனால் அன்று மாலை ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம், "டீச்சர், சௌகார்பேட்டையில் இருக்கும் என் தோழி வீட்டார் ஜைனர்கள். அவர்களுக்குக் கொடியில் எந்த நிறம்?" என்று கேட்டாள்.

காவி என்றால் தியாகம், வெள்ளை என்றால் அமைதி, பச்சை என்றால் செழிப்பு என்று நான் படித்ததைச் சொன்னேன். "அப்படியானால் தாத்தா சொன்னது பொய்யா?" என்பது அவளுடைய அடுத்த கேள்வி. பொய் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, மெய் என்று சொல்லவும் மனம் வரவில்லை. இந்தப் பொருள்களை யார், எப்போது, எங்கே சொன்னார்கள்? சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? தெரிந்தவர்கள் விளக்கினால் அந்தப் பெண்ணுக்கு நேர்மையான பதிலைக் கொடுக்க முடியும்.

வியாசர்பாடி சட்ட மாணவன்:

வணக்கம் அம்மா. சட்டத்தைப் பற்றிய பகுதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஜவாஹர்லால் நேரு முன்மொழிந்து நிறைவேறிய தீர்மானம் மிகச் சிறியது. ஆழ்ந்த காவி, வெள்ளை, கரும்பச்சை ஆகிய மூன்று பட்டைகளும் சம அளவில் கிடையாக அமைய வேண்டும். வெள்ளைப் பட்டையின் நடுவில் இராட்டையைக் குறிக்கும் கருநீலச் சக்கரம் இருக்க வேண்டும். அச்சக்கரத்தின் வடிவம் சாரநாத்தில் உள்ள அசோகரின் சிங்கத் தலைத்தூணின் பீடத்தில் செதுக்கப்பட்ட சக்கரத்தின் வடிவமாக இருக்க வேண்டும். விட்டம் ஏறக்குறைய வெள்ளைப் பட்டையின் அகலத்துக்கு இணையாக இருக்க வேண்டும். கொடியின் அகலமும் நீளமும் வழக்கமாக 2:3 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். தீர்மானத்தின் சாரம் இவ்வளவுதான்.

இதில் காவிக்கோ வெள்ளைக்கோ பச்சைக்கோ பொருள் சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை. பொருள் சொல்லப்பட்ட ஒரே உறுப்பு சக்கரம்தான். அந்தப் பொருளும் நாம் பள்ளியில் படித்த தருமம் அன்று, இராட்டை. முதன்முறை இதைப் படித்தபோது நான் நெடுநேரம் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். பார்வைக்கு அசோகரின் சக்கரமாகவும் குறிப்பில் நூல் நூற்கும் ஏழையின் கருவியாகவும் ஒரே வட்டத்தை அமைத்திருக்கிறார்கள். நாமோ இரண்டில் ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் சேர்க்கிறோம்.

1971 ஆம் ஆண்டின் தேசிய மரியாதைக்கு அவமதிப்பு இழைத்தலைத் தடுக்கும் சட்டமும் நிறங்களின் பொருளுக்குள் போகவில்லை. 2002 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள கொடிக் குறியீடு (Flag Code, கொடியைப் பயன்படுத்தும் விதிகளின் தொகுப்பு) மட்டும் தன் முன்னுரையில், சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் அதே சபையில் தந்த விளக்கத்தை எடுத்துக் காட்டுகிறது. ஆகவே அரசின் ஏட்டில் இடம்பெற்ற விளக்கம் எது என்று கேட்டால் அதைத்தான் காட்ட முடியும். ஆனாலும் அது ஓர் உறுப்பினரின் உரை. சபை வாக்களித்தது கொடியின் அமைப்புக்கு.

இராயபுரம் வாசகர்:

தம்பி தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆசிரியை அம்மாவின் மாணவி கேட்ட இரண்டாவது கேள்வி, தாத்தா சொன்னது பொய்யா என்பது, என்னை மிகவும் தொட்டது. நாற்பது ஆண்டுகள் நூலகத்தில் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவர் சொன்னது ஒரு காலத்தில் ஏறக்குறைய உண்மையாக இருந்தது. 1921 இல் பெசவாடாவில், இன்றைய விஜயவாடாவில், காங்கிரஸ் கூடியபோது பிங்கலி வெங்கையா சிவப்பும் பச்சையும் கொண்ட ஒரு கொடி வடிவத்தைக் காந்தியடிகளிடம் கொடுத்தார். இராட்டையைச் சேர்க்கலாம் என்ற எண்ணம் ஜாலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜுடையது. சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்று இருந்ததைப் பார்த்த காந்தியடிகள், மற்ற சமயத்தார் எங்கே என்று யோசித்து வெள்ளையைச் சேர்த்தார். உங்கள் மாணவி கேட்ட அதே கேள்வியை அவர் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். எண்ணிக்கையில் சிறியவர்களுக்கு முதலிடம் என்ற எண்ணத்தில் வெள்ளையை மேலே வைத்து, நடுவில் பச்சையையும் கீழே சிவப்பையும் அமைத்தார். அந்தக் கொடியில் வெள்ளை கிறித்தவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஜைனர், பார்சி, யூதர் என ஏனைய எல்லோரும் அதில் அடக்கம். ஆகவே 1921 ஆம் ஆண்டின் கணக்கிலும் அந்தத் தோழி வீட்டாருக்கு இடம் இருந்தது.

ஆனால் அந்தக் கணக்கு நிலைக்கவில்லை. எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர்கள் கேட்டார்கள். எங்கள் நிறத்தையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் சமயப் பொருளையே நீக்க வேண்டும் என்பது அவர்களின் நியாயம். 1931 இல் கராச்சி மாநாட்டையொட்டி ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். அந்தக் குழு, கொடி முழுவதும் ஒரே காவியாக இருக்கட்டும், கம்பத்தை ஒட்டிய மூலையில் இராட்டை இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. ஆகஸ்ட் மாதம் பம்பாயில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் குழு அதை ஏற்காமல், மேலே காவி, நடுவே வெள்ளை, அதன்மேல் நீல இராட்டை, கீழே பச்சை என்ற கொடியை ஏற்றுக்கொண்டது. அத்துடன், இந்த நிறங்களுக்குச் சமயப் பொருள் கிடையாது என்றும், காவி துணிவையும் தியாகத்தையும், வெள்ளை உண்மையையும் அமைதியையும், பச்சை நம்பிக்கையையும் வீரப் பண்பையும் குறிக்கும் என்றும், இராட்டை மக்களின் நம்பிக்கையைக் குறிக்கும் என்றும் அறிவித்தது. சமயப் பொருள் நம்மிடம் வந்து சேர்வதற்குள் மறந்து கைவிடப்பட்டதன்று. கேட்டு, வாதாடி, வேண்டும் என்றே எடுத்துவிடப்பட்டது. அந்தப் பெண்ணிடம் இதைத்தான் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

1932 ஜனவரியில் திருப்பூர்க் குமரன் அடிபட்டு விழுந்தபோதும் கைவிடாமல் பிடித்திருந்த கொடி, இந்த மாற்றம் நடந்து ஏறக்குறைய ஐந்து மாதங்களில் ஏந்தப்பட்டது. அதே மாதம் 26 ஆம் நாள் ஆர்யா என்கிற பாஷ்யம் நம் ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறிக் கட்டியதும் மூவண்ணக் கொடிதான். பூக்கடையிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள அந்தக் கோட்டையை நாம் தினமும் பேருந்தில் கடக்கிறோம்.

பெரம்பூர் வாசி:

வாசகர் ஐயாவுக்கு மரியாதையுடன் ஒரு மறுப்பு. சமயங்களைக் குறிப்பதில் என்ன குறை? எங்கள் தெருவில் மசூதியும் மாதா கோவிலும் மாரியம்மன் கோவிலும் கூப்பிடு தொலைவில் இருக்கின்றன. அங்கே வளரும் பிள்ளைக்குத் தியாகம், உண்மை போன்ற கருத்துச் சொற்களைவிட, "உன் நண்பனும் இந்தக் கொடியில் இருக்கிறான்" என்று சொல்வது மனத்தில் நன்றாகப் பதியாதா? பாரதியார் பாடிய தாயின் மணிக்கொடியிலும் ஒருபுறம் இந்திரனின் வச்சிரமும் மறுபுறம் இளம்பிறையும் இருக்கின்றனவே. அவரே இணைத்துப் பாடியதை நாம் ஏன் பிரித்துத் தள்ள வேண்டும்?

இராயபுரம் வாசகர்:

நண்பரே, உங்கள் கேள்வியின் பின்னால் உள்ள அன்பு எனக்குப் புரிகிறது. பாரதியார் பாடியது மூவண்ணக் கொடிக்கு முந்திய கொடியை. நடுவில் வந்தே மாதரம் என்ற மந்திரம் தோன்றும் கொடி அது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு முயற்சியும் அடையாளங்களைச் சேர்த்துக்கொண்டே போனது. 1917 இல் அன்னி பெசன்ட் அம்மையாரும் திலகரும் உயர்த்திய தன்னாட்சி இயக்கக் கொடியில் ஐந்து சிவப்புப் பட்டைகள், நான்கு பச்சைப் பட்டைகள், ஏழு விண்மீன்கள், பிறை, போதாததற்கு ஒரு மூலையில் பிரித்தானியக் கொடி. எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனால், வைக்கப்படாதவர் யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருப்பார். நண்பனும் இருக்கிறான் என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும் அதே நொடியில், இன்னொரு பிள்ளை தன்னைத் தேடிப் பார்க்கிறது.

1947 இல் நேரு தம் உரையில், இக்கொடியின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு சமூகத்தைக் குறிப்பதாகச் சிலர் தவறாக எண்ணுகிறார்கள் என்றும், இது வகுக்கப்பட்டபோது அப்படிப்பட்ட பொருள் எதுவும் தரப்படவில்லை என்றும் குறிப்பிட்டார். 1931 ஆம் ஆண்டுக் கொடிக்கு அது பொருந்தும். 1921 ஆம் ஆண்டுக் கொடிக்குப் பொருந்தாது. நான் வகுப்பெடுப்பவனாக இருந்தால் இரண்டையும் சொல்லுவேன்.

துறைமுகத்தில் இருந்தவன்:

சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், காசிமேட்டில் குடியிருக்கிறேன். நிறத்தைச் சமூகத்தோடு கட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து நாட்டையே எடுத்துக்கொள்ளலாம். இலங்கைக் கொடியில் சிங்கத்துக்கு வெளியே, கம்பத்தை ஒட்டி, பச்சையும் செம்மஞ்சளும் இரண்டு பட்டைகளாக நிற்கின்றன. பச்சை முஸ்லிம்களுக்கும் செம்மஞ்சள் தமிழர்களுக்கும் என்று 1951 இல் சேர்க்கப்பட்டவை அவை. கொடிக்காக அமைக்கப்பட்ட குழுவில் இருந்த செனட்டர் நடேசன் அந்த அமைப்பை ஏற்கவில்லை. கொழும்பிலிருந்து வரும் கப்பல்களில் அந்தக் கொடியைப் பார்க்கும்போதெல்லாம், நமக்கென்று ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள், ஆனால் சிங்கம் நிற்கும் கட்டத்துக்கு வெளியே கொடுத்திருக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு வராமல் போனதில்லை.

அயர்லாந்தின் கொடி பச்சை, வெள்ளை, செம்மஞ்சள் என்று செங்குத்தாக இருக்கும். அங்கே பச்சை கத்தோலிக்க மரபையும் செம்மஞ்சள் சீர்திருத்தக் கிறித்தவரையும், வெள்ளை இருவருக்கும் இடையே வேண்டிய அமைதியையும் குறிக்கின்றன. ஐவரி கோஸ்ட் கொடியில் அதே நிறங்கள் வரிசை மாறி நிற்கும். நைஜர் கொடி நம்முடையதைப் போலவே கிடையாக இருக்கும். நடுவில் சக்கரத்துக்குப் பதிலாகச் செம்மஞ்சள் வட்டம். பட்டைகளின் நிறங்கள் ஏறக்குறைய ஒன்றுதான், பொருள் ஊருக்கு ஊர் வேறு. நிறத்துக்குள்ளேயே பொருள் பிறந்ததில்லை, மனிதர்கள் பேசி வைத்ததுதான் என்பதைப் பிள்ளைகளுக்கு இந்தக் கொடிகளை அடுத்தடுத்து வரைந்து காட்டினாலே விளங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் துறைமுகத்துக்குள் வரும் அயல்நாட்டுக் கப்பல், தன் நாட்டுக் கொடியைப் பின்புறத்தில் பறக்கவிட்டு, நமக்கு மரியாதையாக நம் கொடியையும் பாய்மரத்தில் ஏற்ற வேண்டும் என்பது கடல் வழக்கம். அப்படி ஏற்றப்படும் சிறிய கொடிகளில் வெளிறிய ஆரஞ்சு நிறத்தையும் சக்கரத்தில் ஆரக்கால்கள் குறைந்ததையும் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன்.

எம்.சி. ரோடு கொடித் தையல்:

துறைமுகத்து ஐயா ஆரக்கால்களைப் பற்றிச் சொன்னதால் நானும் எழுதுகிறேன். பழைய வண்ணாரப்பேட்டையில் கட்சிக் கொடிகளும், ஆண்டுக்கு இரண்டு முறை தேசியக் கொடிகளும் தைப்பது எங்கள் குடும்பத் தொழில்.

பொருளைப் பற்றிப் பேசும்போது அமைப்பை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன். சக்கரத்தில் 24 ஆரக்கால்கள். ஒரு வட்டத்தை 24 ஆகப் பகுத்தால் ஒவ்வொன்றும் 15 பாகை. பாகை தவறினால் கடைசி இரண்டு கால்களுக்கு இடையே இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். 24 மணி நேரம் என்றும் 24 நற்பண்புகள் என்றும் பலர் சொல்கிறார்கள். சாரநாத் பீடத்தில் உள்ள சக்கரத்துக்கு 24 கால்கள் இருந்ததால் கொடிக்கும் 24 வந்தது, மற்றவை பின்னால் மக்கள் அன்போடு சேர்த்தவை. அந்தப் பீடத்தில் அப்படிப்பட்ட சக்கரங்கள் நான்கு. அவற்றுக்கு இடையே யானை, குதிரை, காளை, சிங்கம்.

இராட்டை போய்ச் சக்கரம் வந்ததற்குத் தொழில் அறிந்தவன் ஒப்புக்கொள்ளும் காரணம் ஒன்று உண்டு. இராட்டைக்கு ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் நூல் சுற்றும் கதிர். கொடியை ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் சக்கரம் கம்பத்தின் அருகில் இருக்கும். மறுபக்கத்திலிருந்து பார்த்தால் இடம் மாறிவிடும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் தெரிய வேண்டும் என்று நேருவே சபையில் விளக்கியிருக்கிறார். இன்றும் சக்கரம் இரண்டு பக்கமும் முழுமையாகத் தெரிய வேண்டும் என்பது விதி. கதர்த் துணியில் ஸ்கிரீன் பிரிண்ட் போடும்போது ஒரு பக்கம் அச்சிட்டு, உலர்ந்த பிறகு திருப்பிப் போட்டு, நூலளவும் பிசகாமல் மறுபக்கம் பொருத்த வேண்டும். மயிரிழை விலகினாலும் வெயிலில் பறக்கும்போது இரண்டு சக்கரங்களாகத் தெரியும்.

அளவுகள் ஒன்பது வகை. மிகப் பெரியது 6300 × 4200 மில்லிமீட்டர், மிகச் சிறியது 150 × 100. வீட்டில் ஏற்றுவதற்குப் பலரும் கேட்கும் 900 × 600 கொடியில் ஒவ்வொரு பட்டையும் 200 மில்லிமீட்டர், சக்கரத்தின் விட்டம் 185. பட்டையைத் தொடாமல் மேலும் கீழும் சிறிது வெண்மை நிற்பதுதான் அழகு. 2021 டிசம்பரில் விதியைத் திருத்திப் பாலியஸ்டரையும் இயந்திரத்தில் செய்த கொடியையும் அனுமதித்த பிறகு, மலிவான கொடிகள் கட்டுக்கட்டாக வருகின்றன. எளியவர் வீட்டிலும் கொடி பறப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஒரு மொத்த வியாபாரி கொண்டுவந்த கட்டில் சக்கரம் நீள்வட்டமாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன், 20 கால்கள். விற்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தக் கட்டை வேறு யாராவது வாங்கி விற்றிருப்பார்கள் என்பது இன்றும் உறுத்துகிறது.

நிறத்திலும் ஒரு செய்தி. தீர்மானத்தில் கேசரி என்று குறித்திருக்கிறார்கள். அது குங்குமப்பூவின் நிறம். நாம் தமிழில் காவி என்கிறோம். காவி என்பது காவிக்கல்லின் நிறம், துறவிகள் துணியைத் தோய்த்து உடுத்தும் மண்ணின் சிவப்பு. சாயக்காரருக்கு இரண்டும் வேறு வேறு. நம் மொழியில் அந்தப் பட்டையின் பெயரைச் சொன்ன உடனேயே துறவு என்ற பொருளும் சேர்ந்து வந்துவிடுகிறது.

இராயபுரம் வாசகர்:

தையல்கார அண்ணன் கடைசியில் சொன்னது மிகவும் பொருத்தம். இராதாகிருஷ்ணன் காவிக்குச் சொன்ன பொருளும் அதுவே: பற்றின்மை. நாட்டை நடத்துபவர்கள் தமக்கென்று எதையும் தேடாமல் பணியாற்ற வேண்டும் என்றார். காவியின் பொருளை மக்கள்மேல் சுமத்தாமல் தலைவர்கள்மேல் வைத்தார். இதைப் பாடநூல்கள் விட்டுவிடுகின்றன என்பது என் ஆதங்கம். வெள்ளை நம் நடத்தைக்கு வழிகாட்டும் உண்மையின் ஒளி என்றார். பச்சை மண்ணோடும், எல்லா உயிர்களும் சார்ந்திருக்கும் பயிர்களோடும் நமக்குள்ள உறவு என்றார். நாம் எழுதவைக்கும் "செழிப்பு" என்ற சொல் அந்த உறவின் பலனை மட்டும் சொல்கிறது. சக்கரம் அறத்தின் சக்கரம், அது இயக்கத்தையும் குறிக்கும், தேக்கம் சாவு என்றார். இதைச் சொன்னவர், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே அந்நாளில் இருந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர்; நம் பாரிமுனையில் நடந்து திரிந்த மாணவர்.

வியாசர்பாடி சட்ட மாணவன்:

ஒரு சிறு சேர்க்கை. கொடியைப் பரிந்துரைக்க 1947 ஜூனில் இராசேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த குழுவில் ஆசாத், சரோஜினி நாயுடு, முன்ஷி ஆகியோருடன் இராஜாஜியும் அண்ணல் அம்பேத்கரும் இருந்தார்கள். எங்கள் பகுதிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். கொடியை வீட்டில் ஏற்றுவது குடிமக்களின் அடிப்படை உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2004 இல் நவீன் ஜிண்டால் வழக்கில் தீர்ப்பளித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள் அம்மா.

தண்டையார்பேட்டை ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. சென்ற வாரம் ஆறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுக் கொடி அங்கே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. இதற்கு முன் சென்றதே இல்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். வாசகர் ஐயா எழுதியதை 1921, 1931, 1947 என்று மூன்று கதைகளாகவே சொன்னேன். கேள்வி கேட்ட அந்தப் பெண் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் தாத்தா பழைய கொடிக்குப் பொருள் சொல்லியிருக்கிறார்" என்றாள். மறுநாள் அவளே போய்ப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அவளை உட்காரவைத்து முழுவதையும் கேட்டாராம்.

இப்போது அவள் சக்கரம் வரையத் தொடங்கியிருக்கிறாள். இருபத்திரண்டு கால்களில் இடம் முடிந்துவிடுகிறது என்று குறைப்படுகிறாள்.

எம்.சி. ரோடு கொடித் தையல்:

முதலில் நான்கு கால்களைக் கூட்டல் குறி போல வரையச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கால்பகுதியையும் மூன்றாகவும், அந்த மூன்றையும் இரண்டிரண்டாகவும் பகுக்கட்டும். இடம் தானாகச் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கடையில் கூட்டம் இருக்காது. பிள்ளைகளை அழைத்து வாருங்கள் அம்மா. கையில் ஆளுக்கொரு கோணமானி இருக்கட்டும், துணி நான் தருகிறேன்.